செத்துச் செத்துப் பிழைக்கும் சொல்

‘மே மாதம் வந்தால் இங்கிலீஷ் பேப்பர்காரர்கள் ஸ்வெல்ட்டரிங் என்று தலைப்புப் போடுகிறார்களே, ஸ்வெல்ட்டருக்கும் ஸ்வெட்டருக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?’ என்று பல்லாவரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

நியாயமான சந்தேகம். பல்லாவரத்தில் ஸ்வெட்டர் என்பது தேனிலவுக்கு ஊட்டி போனபோது வாங்கி, அதற்கப்புறம் பீரோவில் அந்துருண்டையோடு தூங்கும் வஸ்து. வெயில் காலத்தில் அதன் பெயரைக் கேட்டாலே வியர்க்கும். உண்மையில் அதுதான் அதன் பிறவிக் குணம். ‘ஸ்வெட்’ என்றால் வியர்வை. ஓட்டக்காரர்களும் படகு வலிப்பவர்களும் உடம்பு இளைப்பதற்காக, வேண்டுமென்றே வியர்க்க வைத்துக்கொள்ளப் போட்ட கனத்த சட்டைதான் ஸ்வெட்டர். (தாம்பரம் ஏரியாவில் இதற்கென்று தனிச் சட்டை தேவையில்லை.)

ஸ்வெல்ட்டரின் பூர்வீகம் வேறு. கொஞ்சம் வயிற்றைக் கலக்குகிற பூர்வீகம்.

ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் ‘ஸ்வெல்ட்டன்’ என்று ஒரு வினைச்சொல் இருந்தது. அர்த்தம், செத்துப்போவது. வெயிலில் என்று கணக்கில்லை. நோயில், சண்டையில், கட்டிலில், எப்படிச் செத்தாலும் ஸ்வெல்ட்டன். இதே வேலையைப் பார்த்த இன்னொரு சொல் ‘ஸ்டியோர்ஃபன்’. அதற்கும் அர்த்தம் சாவதுதான். ஒரே ஸீட்டில் இரண்டு கிளார்க் மாதிரி இரண்டும் ஓட்டிக்கொண்டிருந்தன.

அப்புறம் வைக்கிங்குகள் கப்பலேறி வந்தார்கள். இங்கிலாந்தில் அவர்கள் விட்டுப்போன சாமான்களில் ‘டை’ என்ற சொல்லும் ஒன்று என்று மொழி ஆராய்ச்சிக்காரர்கள் பலர் சொல்கிறார்கள். புது மேனேஜர் வந்தால் ஆபீசில் என்ன நடக்குமோ அது நடந்தது. சாகிற வேலை மொத்தத்தையும் ‘டை’ எடுத்துக்கொண்டது. பழைய ஆட்களை வீட்டுக்கு அனுப்பவில்லை, டிரான்ஸ்ஃபர் போட்டார்கள். ஸ்டியோர்ஃபன் ‘ஸ்டார்வ்’ என்று சுருங்கி, பட்டினி இலாகாவுக்குப் போனது. ஸ்வெல்ட்டன் ‘ஸ்வெல்ட்’ ஆகி, வெயில் இலாகாவுக்குப் போனது. ஆளையே முடித்துவிடும் அந்தஸ்து போய், வெக்கையில் மயங்கி விழுவது என்கிற அளவுக்குப் பதவி இறக்கம்.

கதை இன்னும் முடியவில்லை. 1400ஐ ஒட்டி, இந்தச் சொல்லின் வாலில் ஒரு ‘அர்’ வந்து ஒட்டிக்கொண்டது. ஆங்கிலத்தில் இந்த ‘அர்’ சாதாரண வால் இல்லை. ‘பேட்’ என்றால் ஒரு தட்டு. ‘பேட்டர்’ என்றால் ஓட்டுக்கூரையில் மழை சடசடவென்று தட்டிக்கொண்டே இருப்பது. ‘ஃப்ளட்டர்’ என்றால் சிறகு படபடப்பது. ‘க்ளிட்டர்’ என்றால் பளபளப்பது. நாம் சொல்லை இரட்டித்துச் சொல்வதை அவர்கள் ஒரு வாலை ஒட்டிச் சொல்லிவிடுகிறார்கள். நம் இலக்கண வாத்தியார் இரட்டைக்கிளவி என்று பெஞ்சு மேல் ஏற்றிக் கேட்டாரே, கிட்டத்தட்ட அந்தச் சமாசாரம்.

இப்போது கூட்டிப் பாருங்கள். ஸ்வெல்ட் என்றால் சாவு. ஸ்வெல்ட்டர் என்றால் ஒரு தரம் செத்தால் போதாது, திரும்பத் திரும்பச் சாக வேண்டும். தமிழில் இதற்கு அகராதி தேவையில்லை. வாடகை வீட்டு மொட்டை மாடி ரூமில் மே மாதம் குடியிருக்கும் எந்த பேச்சலரைக் கேட்டாலும் சொல்வார்: “செத்துச் செத்துப் பிழைக்கிறேன் சார்.”

அதேதான். அட்சரம் பிசகாமல் அதுதான் அர்த்தம்.

இந்தக் குடும்பத்தில் இன்னொரு பெண் உண்டு. ‘ஸல்ட்ரி’. ஸ்வெல்ட்டரின் பழைய உச்சரிப்பு ஒன்றிலிருந்து பிறந்தவள். காற்றில்லாமல் கசகசவென்று இருக்கும் வானிலைக்குத்தான் முதலில் அந்தப் பெயர். பிற்பாடு எப்படியோ சினிமாப் பத்திரிகைக்காரர்கள் கையில் சிக்கி, நடுப்பக்கத்தில் நனைந்த புடவையோடு நிற்கும் கதாநாயகிக்கு அடைமொழி ஆகிவிட்டாள். ‘ஸல்ட்ரி ஸைரன்’ என்று படித்துப் பெருமூச்சு விடும் இளைஞர்கள் கவனிக்க: அந்தச் சொல்லின் கொள்ளுத்தாத்தாவுக்கு அர்த்தம் மரணம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இப்படி ஒரு பயங்கரச் சொல்லை வைத்திருந்த இங்கிலாந்தில் பேருக்குத்தான் வெயில். அங்கே தெர்மாமீட்டர் முதல்முதலாக 40 டிகிரியைத் தாண்டியதே 2022 ஜூலை 19ந் தேதிதான். லிங்கன்ஷயரில் கோனிங்ஸ்பி என்கிற ஊரில் 40.3. நமக்கு அது பள்ளிக்கூட லீவைத் தள்ளிப்போடலாமா என்று யோசிக்கிற அளவு. அவர்களுக்கு ரயில் தண்டவாளம் நெளிகிற அளவு. அந்தக் கோடையில் இங்கிலாந்தில் வெப்ப அலை நாட்களில் மட்டும் வழக்கத்தைவிட 2,900 பேருக்கு மேல் கூடுதலாக இறந்தார்கள். சொல்லின் பழைய அர்த்தம் தூக்கத்திலிருந்து எழுந்து வந்த மாதிரி.

சொல்லின் சாரம் தெரிந்ததாலோ என்னவோ, மதராஸை ஆண்ட வெள்ளைக்காரர்கள் எச்சரிக்கையாக இருந்தார்கள். 1842ல் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் எழுந்தது, அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரி குளங்களிலிருந்து வெட்டிக் கப்பலில் வந்த ஐஸ்கட்டி அதில் சேர்ந்தது. அதுவும் போதாமல், 1870 முதல் வெயில் காலத்தில் ராஜதானியின் அரசாங்கத்தையே மூட்டை கட்டிக்கொண்டு உதகமண்டலத்துக்கு ஏறினார்கள். ஃபைல், பியூன், மைக்கூடு உட்பட. நம் ஆபீசில் கத்திரி வெயிலுக்கு இரண்டு நாள் காஷுவல் லீவ் கேட்டால் சூப்பரின்டென்டென்ட் மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்க்கிறார்.

அவர்களுடைய ஸ்வெல்ட்டரை நாம் பேப்பரில் வாங்கிக்கொண்டோம். பதிலுக்கு நாமும் ஒன்று கொடுத்திருக்கிறோம். ‘வெட்டிவர்’ என்று சென்ட் பாட்டில்களின் மேல் போட்டிருக்கும். ஆங்கிலம் அதைப் பிரெஞ்சிலிருந்து எடுத்தது, பிரெஞ்சு தமிழிலிருந்து எடுத்தது. நம் வெட்டிவேர்தான். வேரில் பின்னிய தட்டியை ஜன்னலில் தொங்கவிட்டுத் தண்ணீர் தெளித்தால், உள்ளே வரும் காற்று குளிர்ந்து மணக்கும். அவர்கள் கொடுத்தது நோய், நாம் கொடுத்தது மருந்து. பண்டமாற்றில் நமக்கு நஷ்டம்தான்.

* * *

சரி, தமிழில் ஸ்வெல்ட்டருக்கு எது சரியான சொல்?

சொல்லுக்கா பஞ்சம்? வெயில், வெப்பம், வெம்மை, வெக்கை, அனல், காந்தல். ஆனால் எல்லாம் ஒன்றல்ல. வேலூரில் அடிப்பது அனல். தலையில் சுள்ளென்று இறங்கும், நிழலுக்குப் போனால் விட்டுவிடும். தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் நிழலுக்குப் போனாலும் பின்னாலேயே வருமே, ஃபேன் போட்டாலும் முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டு நிற்குமே, அதன் பெயர் புழுக்கம். ஸ்வெல்ட்டர் என்றால் அதுதான்.

புழுக்கம் எங்கிருந்து வந்தது? உங்கள் வீட்டு அரிசிப் பானையிலிருந்து. நெல்லை ஊறப்போட்டு, ஆவியில் அவித்து, காயவைத்துக் குத்தினால் புழுங்கல் அரிசி. புழுங்குதல் என்றால் ஆவியில் வேகுதல். ஆங்கிலேயன் இந்த வானிலையைச் சாவோடு ஒப்பிட்டான். தமிழன் நெல் அவிப்பதோடு ஒப்பிட்டான். சாப்பாட்டு ராமன்கள் என்று நம்மைச் சும்மாவா சொன்னார்கள்?

ஆனால் யோசித்தால் தமிழன் சொன்னதுதான் விஞ்ஞானம். காலை எட்டேகாலுக்குத் தாம்பரத்தில் பீச் வண்டி ஏறுகிறீர்கள். ஸானடோரியத்தில் கூட்டம், பல்லாவரத்தில் நெருக்கடி, பரங்கிமலையில் மூச்சுமுட்டல். முதலில் ஊறுகிறோம், அப்புறம் அவிகிறோம், எழும்பூரில் இறங்கி நடந்து காய்கிறோம். மூன்று கட்டமும் முறைப்படி முடிந்து, ஆபீஸ் வாசலில் புழுங்கல் அரிசியாகப் போய் நிற்கிறோம். பாக்கி, மேலதிகாரி குத்துவது.

2025 ஏப்ரல் 19ந் தேதி முதல் இந்தத் தடத்தில் ஏ.சி. மின்சார ரயிலும் ஓட ஆரம்பித்தது. அப்போது தாம்பரத்திலிருந்து பீச்சுக்கு சாதா டிக்கெட் 10 ரூபாய், ஏ.சி. டிக்கெட் 85. புழுங்கலுக்கும் பச்சரிசிக்கும் விலை வித்தியாசம் 75 ரூபாய்.

நெல் எதனால் வேகிறது? சூட்டால் மட்டும் இல்லை, ஈரச் சூட்டால். மனிதனுக்கும் அதே விதிதான். நான் பி.காம். என்பதால் இதைக் கணக்குப் புத்தகமாக எழுதினால்தான் எனக்கே புரிகிறது.

உடம்பு ஒரு லெட்ஜர். வரவுப் பக்கத்தில் சூடு. சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதரே ஏறக்குறைய 100 வாட் குண்டு பல்பு அளவுக்குச் சூடு உண்டாக்குகிறார். ஒரு பெட்டியில் 200 பேர் என்று வைத்துக்கொண்டால், 200 குண்டு பல்பை எரியவிட்டு நடுவில் நிற்கிறீர்கள். செலவுப் பக்கத்தில் முக்கியமான ஐட்டம் வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. சும்மா இருக்கும் உடம்பு ஆறு மணி நேரத்துக்கு மேல் உண்டாக்கும் சூடு அது. அருமையான ஏற்பாடு.

ஆனால் ஒரு வார்த்தையைக் கவனிக்க வேண்டும்: ஆவியானால். வழிந்து தரையில் சொட்டினால் கணக்கில் சேராது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வைக்குப் போக இடம் இல்லை. மண்பானைத் தண்ணீர் கோயம்புத்தூரில் ஜில்லென்று இருப்பதும், சென்னையில் ஈரப்பதம் மிகுந்த நாளில் ‘பரவாயில்லை’ ரகமாக இருப்பதும் இதனால்தான். பானைக்கு வியர்க்கிறது, காயவில்லை. நமக்கும் அப்படியே. வரவு ஏறிக்கொண்டே போகிறது, செலவு நின்றுவிட்டது. பாலன்ஸ் ஷீட் டாலி ஆகாவிட்டால் கம்பெனிக்கு ஆடிட்டர் வருவார். உடம்புக்கு வருகிறவர் வேறு ஆள்.

விஞ்ஞானிகள் இதை அளக்க ஒரு சுலபமான வழி வைத்திருக்கிறார்கள். தெர்மாமீட்டரின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றிக் காற்றில் விடுவது. துணி காயக் காய எவ்வளவு தூரம் டிகிரி இறங்குகிறதோ, அதுதான் அன்றைக்கு உங்கள் வியர்வையால் முடிகிற அதிகபட்சக் குளிர்ச்சி. இந்த ஈரக்குமிழ் வெப்பநிலை 35ஐத் தொட்டால், திடகாத்திரமான ஆள் நிழலில் உட்கார்ந்து ஃபேனுக்கு நேரே இருந்தாலும் சில மணி நேரத்தில் ஆபத்து என்று 2010ல் இரண்டு விஞ்ஞானிகள் கணக்குப் போட்டார்கள். 2022ல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளைஞர்களையே உட்காரவைத்துச் சோதித்தபோது, ஈரக் காற்றில் 31ஐ ஒட்டியே உடம்பு கை தூக்கிவிட்டது. வயசானவர்களுக்கு இன்னும் முன்னாடியே.

* * *

நாம் என்ன செய்கிறோம்? மே மாதம் சாயங்காலம் டி.வி.யில் ஒரு நம்பரைப் பார்க்கிறோம். மீனம்பாக்கம் 41 என்றால் ‘அப்பாடா, என்ன வெயில்’ என்கிறோம். 36 என்றால் ‘பரவாயில்லையே’ என்கிறோம்.

சென்னையின் ரிக்கார்டு 2003 மே 31. நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி. மேற்கிலிருந்து வருகிற வறண்ட காற்று வலுவாக இருந்தால் கடற்காற்று ஊருக்குள் நுழைய முடியாது, அப்போது இப்படி ஏறும். மத்தியானம் கடற்காற்று நுழைந்துவிட்டால் டிகிரி இறங்கும். மெரினாவில் முதலில், தாம்பரத்துக்குப் பிற்பாடு. கடற்கரையிலிருந்து தள்ளி இருக்கிறோமே, எல்லாம் நமக்கு லேட்டாகத்தான் வரும். வரும்போது அந்தக் காற்று சும்மா வருவதில்லை, கடலின் ஈரத்தையும் தூக்கிக்கொண்டு வருகிறது. நம்பர் இறங்குகிறது, புழுக்கம் ஏறுகிறது. நம்பரைப் பார்த்து நிம்மதி அடைகிறவர் முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வானிலை இலாகாவின் சட்டப்படி கடலோர ஊர்களில் 37 டிகிரியாவது இருந்து, வழக்கத்தைவிட நாலரை டிகிரி கூடியிருந்தால்தான் ‘வெப்ப அலை’. அதற்குக் கீழே ஈரத்தோடு சேர்ந்து வாட்டினால் அறிக்கையில் ஒரு சொல் போடுகிறார்கள். ‘அசௌகரியம்’ ஏற்படலாம். எவ்வளவு நாசூக்கான சொல்! சினிமா தியேட்டரில் முன் ஸீட்டுக்காரர் தலை மறைத்தால் அசௌகரியம். ஆங்கிலத்தில் சாவு என்று ஆரம்பித்த சமாசாரம் நம் அறிக்கைக்கு வந்து சேரும்போது கர்ச்சீப்பால் துடைத்துக்கொள்கிற விஷயம் ஆகிவிட்டது.

அது எவ்வளவு தூரம் கர்ச்சீப் விஷயம் என்பதற்கு ஒரு தேதி சொல்கிறேன். 2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. விமானப்படையின் 92ஆவது ஆண்டு விழா. தாம்பரம் விமானப்படைத் தளத்தில் 8ந் தேதி அணிவகுப்பு. அதற்கு முன்னோட்டமாக 6ந் தேதி மெரினாவில் வான் சாகசம், காலை 11 முதல் பகல் 1 மணி வரை. இலவசம். லட்சக்கணக்கில் ஜனம். தாம்பரம், வேளச்சேரி பக்கத்திலிருந்து குழந்தை குட்டிகளோடு ரயில் பிடித்துப் போனவர்கள் எத்தனையோ பேர். எல்லாரும் தலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிழல் இல்லை, தண்ணீர் போதவில்லை, முடிந்ததும் வெளியேற வழி இல்லை என்று பிற்பாடு புகார்கள். அன்றைக்கு ஐந்து பேர் வீடு திரும்பவில்லை. வெயிலின் தாக்கம்தான் காரணம் என்று சுகாதார அமைச்சர் சொன்னார்.

மே மாதம் இல்லை. கத்திரி முடிந்து நாலு மாதம் ஆயிற்று. வெப்ப அலை அறிவிப்பும் இல்லை. கடற்கரை, சென்னையிலேயே காற்றுக்குப் பேர்போன இடம். அங்கே ஐந்து பேர். அந்த மாதக் கடைசியில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்ச ரூபாய் நிவாரணம் என்றும் ஆணை வந்தது. புயல், வெள்ளம் வரிசையில் வெயிலும் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தது.

புயலுக்கு நாம் பயப்படுகிறோம். கூரை பறக்கிறது, மரம் விழுகிறது, டி.வி.காரர் மைக்கைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து நிற்கிறார். புழுக்கத்துக்கு எதுவும் விழுவதில்லை, ஒரு ஆள் விழுவதைத் தவிர. அதையும் ‘காலையில் டிபன் சாப்பிட்டிருக்க மாட்டார்’ என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கிறோம்.

ஆகவே இளைஞர்களே, ‘எனக்கெல்லாம் ஒன்றும் ஆகாது’ ரகத்து இளைஞர்களே, கொஞ்சம் பாடம். பக்கத்தில் நிற்கிறவர் நன்றாக வியர்த்து, தலை சுற்றுகிறது, கால் இழுத்துப் பிடிக்கிறது என்றால் நிழல், தண்ணீர், உப்புப் போட்ட மோர் அல்லது ஓ.ஆர்.எஸ். அதுவே பேச்சு குழறினால், தள்ளாடினால், சம்பந்தமில்லாமல் பேசினால், உடம்பு கொதித்தால், அது ஹீட் ஸ்ட்ரோக். அப்போது மோர் உபசாரம் கூடாது. நினைவு தப்பிய ஆள் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108க்குப் போன் போட்டுவிட்டு, சட்டையைத் தளர்த்தி, தலை முதல் கால் வரை தண்ணீரை ஊற்றி விசிற வேண்டும். ஐஸ் கிடைத்தால் கழுத்திலும் அக்குளிலும் வையுங்கள். காய்ச்சல் மாத்திரை இதற்கு உதவாது. ஆம்புலன்ஸ் வருகிறவரை ஊற்றிக்கொண்டே இருங்கள். இங்கே ஒவ்வொரு நிமிஷமும் காசு.

இதெல்லாம் யாருக்கு அதிகம் தேவை என்று பார்த்தால், இந்தப் பக்கத்தை ஏ.சி. ரூமில் படிக்கிறவருக்கு இல்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் மேம்பாலத்து நிழலில் வண்டியை நிறுத்தி மூச்சு வாங்கும் டெலிவரிப் பையன், பெருங்களத்தூர் சிக்னலில் நிற்கும் டிராஃபிக் போலீஸ்காரர், பழைய மகாபலிபுரம் ரோட்டில் பன்னிரண்டாவது மாடிக்குக் கம்பி கட்டும் பீகார்க்காரர். இவர்களில் யாருக்கும் உதகமண்டலத்துக்கு ஏறும் வசதி இல்லை. உங்கள் பார்சலை நீட்டும் பையனிடம் ‘தண்ணி குடிக்கிறியாப்பா’ என்று கேட்க அரை நிமிஷம் ஆகும். அவர் வேண்டாம் என்று சொன்னாலும், கேட்டதே பாதி தாகம் தீர்க்கும். பாக்கிப் பாதிக்கு இன்னொரு தரம் கேளுங்கள்.

பல்லாவரம் வாசகருக்குக் கடைசியாக ஒரு வரி. ஸ்வெட்டருக்கும் ஸ்வெல்ட்டருக்கும் பிறப்பில் சம்பந்தம் இல்லை. ஆனால் உங்கள் ஆபீசில் டை கட்டிய யாராவது ஜன்னலோரம் நின்று ‘இட்ஸ் ஸ்வெல்ட்டரிங், யார்!’ என்று ஸ்டைலாகச் சொன்னால் சிரிக்காதீர்கள். அவர் தனக்கே தெரியாமல் சாகிறேன், சாகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். முதலில் அந்த டையைத் தளர்த்தச் சொல்லுங்கள்.